கோத்தகிரியிலிருந்து டிபிஏ வேலை: மழையில் லைன் போனால் என்ன செய்கிறீர்கள்?

ஹட்டிப்பையன்:

எல்லாருக்கும் வணக்கம். கோத்தகிரி, அரவேணு பக்கம் ஒரு ஹட்டி (படுகர் ஊர்) எனக்கு. பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே டிபிஏ வேலை, அதாவது டேட்டாபேஸ்களைப் பராமரிக்கும் வேலை, பார்க்கிறேன், நாலு வருஷம் ஆகிறது. டேட்டாபேஸ் மென்பொருள் போஸ்ட்கிரெஸ்தான், பதினோரு சர்வர், இருப்பதில் பெரியது 410 ஜிபி. டிபிஏ என்று இருப்பது நான் ஒருவன் மட்டும், அதனால் ராத்திரி ஆன்-கால் (கோளாறு வந்தால் எழுந்து பார்க்கும் பொறுப்பு) முழுக்க என் தலையில்தான்.

போன ஐப்பசி மழையில் நடந்தது இது. ஒரு டேபிளில் புதிதாக ஒரு காலம், அதாவது நெடுவரிசை, சேர்க்க வேண்டும், கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து ராத்திரி ஒன்றரைக்கு உட்கார்ந்தேன். என் லேப்டாப்பிலிருந்தே விபிஎன் வழியாக, வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் நிஜ டேட்டாபேஸான ப்ரொடக்‌ஷனுக்குள் போய், பிகின் போட்டு (கமிட் போடும் வரை மாற்றங்களை ஒரே தொகுப்பாக, ட்ரான்ஸாக்‌ஷனாக, வைத்திருக்கும் கட்டளை), டேபிளை மாற்றும் ஆல்டர் டேபிளை ஓட்டினேன், உடனே முடிந்தது. ஒருதரம் சரிபார்த்துவிட்டு கமிட் போடலாம் என்று நினைப்பதற்குள் கரண்ட் போய்விட்டது. ரோட்டோரக் கற்பூர மரம் ஒன்று கம்பி மேல் விழுந்திருக்கிறது என்பது விடிந்த பிறகுதான் தெரிந்தது. லேப்டாப் பேட்டரியில் ஓடுகிறது, ஃபைபர் மோடம் அணைந்துவிட்டது, வீட்டுக்குள் போன் சிக்னலும் கிடையாது.

கமிட் ஆகாத அந்த ட்ரான்ஸாக்‌ஷன் டேபிளை மொத்தமாகப் பூட்டி வைத்திருக்கிறது, சும்மா படிக்க வரும் செலக்ட்கூட வரிசையில் நிற்கும் என்று எனக்குத் தெரியும். குடையை எடுத்துக்கொண்டு தேயிலைக்கு நடுவே கோயில் மேட்டுக்கு ஏறினேன், அங்கேதான் சிக்னல் வரும். சப்போர்ட்டில் இருந்த பையனைக் கூப்பிட்டு, என் செஷனின் அடையாள எண்ணான பிஐடியைக் கண்டுபிடி, அதை டெர்மினேட் செய் என்று கட்டளையை எழுத்து எழுத்தாகச் சொன்னேன். அவனுடைய ஐடிக்கு அந்த உரிமையே இல்லை. நான் கொடுத்து வைத்திருக்கவில்லை. அவன் இன்னொருவரை எழுப்பி, அவர் லாகின் தேடி, எல்லாம் முடிவதற்குள் ஆப் 52 நிமிடம் நின்றுபோனது.

டேட்டா எதுவும் போகவில்லை. ஆனால் மலை நெட்டை நம்பி இனி ப்ரொடக்‌ஷனை விட முடியாது, பெங்களூர் வந்துவிடு, இல்லையென்றால் ரிப்போர்ட் டீமுக்கு மாறிக்கொள் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். வீட்டில் அம்மா மட்டும்தான், ஒன்றரை ஏக்கர் தேயிலை. கொழுந்து விலை எப்படி இருக்கிறது என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மலையில் இருந்துகொண்டு இந்த வேலையை ஒழுங்காகச் செய்கிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எப்படிச் செய்கிறீர்கள்?

குன்னூர் டிபிஏ:

தம்பி, பதினாலு வருஷமாக இதே வேலை, அதில் கடைசி ஆறு வருஷம் குன்னூரிலிருந்து. முதலில் அந்த 52 நிமிடத்தைப் பார்ப்போம். மரம் விழுந்ததால் உன் லைன் போனது, அவ்வளவுதான். ஆப் நின்றதற்குக் காரணம் வேறு. உன் பக்கம் மோடம் அணைந்தபோது சர்வருக்கு யாரும் சொல்லிவிட்டுப் போகவில்லை, எதிர்முனையில் ஆள் இருப்பதாகவே அது நினைத்துக்கொண்டிருந்தது. லினக்ஸில் கீப்-அலைவ் அமைப்பை யாரும் தொடாமல் விட்டால், சத்தமே இல்லாத கனெக்‌ஷனைத் தட்டிப் பார்ப்பதற்கு முன் அது 7200 வினாடி, அதாவது முழுசாக இரண்டு மணி நேரம் காத்திருக்கும். அந்தப் பையன் யாரையும் எழுப்பாமல் இருந்திருந்தால் விடியற்காலை வரை பூட்டு அப்படியே இருந்திருக்கும். பெங்களூரில் ஒருவன் லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்து போனாலும் இதே கதைதான், இதை மேனேஜரிடம் இப்படியே சொல்.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ட்ரான்ஸாக்‌ஷனைத் திறந்துவிட்டு சும்மா இருக்கும் செஷனைத் துண்டிக்க போஸ்ட்கிரெஸ் 9.6 பதிப்பிலிருந்தே ஐடில் இன் ட்ரான்ஸாக்‌ஷன் செஷன் டைம்அவுட் என்று ஒன்று இருக்கிறது. மனிதர்கள் உள்ளே வரும் ரோல்களுக்கு (டேட்டாபேஸ் பயனர் கணக்குகளுக்கு) மட்டும் அதை 60 வினாடி வை, ஆப்பின் ரோலுக்கு யோசித்துத் தனியாக வை. ஆல்டர் ஓட்டும் முன் லாக் டைம்அவுட், அதாவது பூட்டுக்காகக் காத்திருக்கும் அதிகபட்ச நேரம், மூன்று வினாடி வை. இதை நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள். பூட்டு கிடைக்காமல் ஆல்டர் காத்துக்கொண்டு நின்றாலே போதும், அதற்குப் பின்னால் வருகிற எல்லா க்வெரியும் அதன் முதுகில் நிற்கும். மூன்று வினாடியில் கிடைக்கவில்லையா, விட்டுவிட்டு ஐந்து நிமிடம் கழித்து மறுபடி முயற்சி செய். கீப்-அலைவையும் ஒரு நிமிடத்துக்குக் குறைத்துவிடு.

அப்புறம், லேப்டாப்பிலிருந்து நேராக ப்ரொடக்‌ஷனுக்குள் போவதை இன்றோடு நிறுத்து. டேட்டாபேஸ் இருக்கும் அதே நெட்வொர்க்கில் ஒரு சின்ன மெஷின், அதில் டிமக்ஸ் என்ற புரோகிராம், அதற்குள் வேலை. உன் லைன் போனாலும் வேலை அங்கே ஓடிக்கொண்டிருக்கும், திரும்ப வந்து ஒட்டிக்கொள்ளலாம். ஆனால் டிமக்ஸுக்குள் உட்கார்ந்து கையால் பிகின் அடித்தால் அதே பூட்டுதான் விழும். எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் எழுதி, ஸ்டேஜிங்கில் (சோதனைக்கான சர்வரில்) ஓட்டிப் பார்த்து, ஒரே ட்ரான்ஸாக்‌ஷனாக, பிழை வந்தால் அங்கேயே நிற்கும்படி ஓட்டு. கமிட்டுக்கு முன் உட்கார்ந்து யோசிக்கும் நேரம் ப்ரொடக்‌ஷனில் இருக்கவே கூடாது.

வீட்டில் மோடத்துக்கும் ரவுட்டருக்கும் ஒரு 12 வோல்ட் மினி யூபிஎஸ் போதும், பெரிய இன்வெர்ட்டருக்குக் காத்திருக்காதே. இரண்டாவது லைனாக வேறு கம்பெனி சிம் போட்ட ஒரு 4ஜி ரவுட்டர், சிக்னல் வரும் ஜன்னலில். நான் முதலில் இரண்டு கம்பெனி ஃபைபர் வாங்கி வைத்திருந்தேன். பர்லியார் பக்கம் மண் சரிந்தபோது இரண்டும் ஒரே நேரத்தில் போயிற்று, இரண்டு கேபிளும் ஒரே ரோட்டோரமாகத்தான் மேலே ஏறுகிறது. லைன்மேனிடம் கேட்டால் எந்த வழியாக வருகிறது என்று சொல்வார், கேட்டுவிட்டு வாங்கு.

கூடலூரான்:

நான் சொல்வது உனக்குப் பிடிக்காமல் போகலாம், இருந்தாலும் சொல்கிறேன். இரண்டு வருஷம் பெங்களூர் போய்விட்டு வா. நெட்டுக்காகச் சொல்லவில்லை, ஆடி மழையில் எங்கள் ஊர் லைன் எப்படி இருக்கும் என்று தெரிந்துதான் நானும் இங்கே இருக்கிறேன். நாலு வருஷமாகத் தனியாக இருக்கிறாய், நீ செய்வதைப் பார்த்து "டேய், அப்படிச் செய்யாதே" என்று சொல்ல ஆளில்லை. எனக்கு ஒரு சீனியர் இருந்தார். டிலீட் எழுதும் முன் அதே நிபந்தனையோடு செலக்ட் கவுண்ட் போட்டு, வந்த எண்ணை வாய்விட்டுப் படிக்கச் சொல்வார். ஒரு நாள் 40 வர வேண்டிய இடத்தில் நான் 4 லட்சம் என்று படித்தேன். அன்றைக்கு அவர் பக்கத்தில் இல்லாவிட்டால் அந்த டேபிள் போயிருக்கும். இந்த மாதிரிப் பழக்கம் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் வருகிறது.

கொடைக்கானல் மேகம்:

தம்பி, நீ எழுதியதில் எனக்கு பயமாக இருந்தது வேறு இடம். ராத்திரி இரண்டு மணிக்கு, மழையில், தேயிலைக்குள் தனியாக நடந்திருக்கிறாய். உங்கள் பக்கமும் எங்கள் பக்கமும் அந்த நேரத்தில் காட்டுமாடு நிற்கும், குடைக்குள் இருந்தால் பத்தடியில் நிற்பதுகூடத் தெரியாது. எந்த டேட்டாபேஸுக்காகவும் இனி அப்படிப் போகாதே. உன் அம்மா இடத்திலிருந்து சொல்கிறேன் என்று வைத்துக்கொள்.

கூடலூர் அண்ணன் சொல்வதில் பாதிதான் எனக்குச் சரி. ஆள் வேண்டும், உண்மை. ஆனால் அந்த ஆளை அங்கேயே தயார் செய்யலாம், நீ இறங்கிப் போக வேண்டியதில்லை. சப்போர்ட் பையனுக்கு சூப்பர்யூசர் (எல்லா உரிமையும் உள்ள கணக்கு) கொடுக்கத் தேவையில்லை, பிஜி சிக்னல் பேக்கெண்ட் என்ற ரோலைக் கொடுத்தால் மற்றவர்கள் செஷனை அவனே நிறுத்த முடியும். ஒன்றைக் கவனி, சூப்பர்யூசரின் செஷனை அந்த ரோலால் தொட முடியாது. அதனால் நீயும் தினசரி வேலைக்கு சூப்பர்யூசராக உள்ளே போகாதே. அப்புறம் கட்டளைகளை முழுசாக எழுதி வை, அவன் தூக்கக் கலக்கத்தில் காப்பி செய்து ஒட்டினால் போதும் என்கிற அளவுக்கு. எழுதி வைத்தால் மட்டும் போதாது, ஒரு பகல் நேரத்தில் ஸ்டேஜிங்கில் பூட்டைப் போட்டுவிட்டு நீ வாயைத் திறக்காமல் உட்கார்ந்து அவன் எடுக்கிறானா என்று பார். என் டீமில் முதல் தடவை 35 நிமிடம் ஆனது, மூன்றாவது தடவை 4 நிமிடம்.

ஆன்-காலுக்குத் தனி அலவன்ஸ், ராத்திரி எழுந்தால் மறுநாள் பாதி நாள் லீவு, இதையும் மெயிலில் எழுதி வாங்கு. தூக்கமில்லாத கையில்தான் தப்பு நடக்கிறது. கிட்லேப் கம்பெனியில் 2017 ஜனவரி 31 ராத்திரி நடந்ததை அவர்களே வெளிப்படையாக எழுதினார்கள். நேரம் கடந்து வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒருவர், ரெப்ளிகா (நகல் சர்வர்) என்று நினைத்து ப்ரைமரி (மூல) சர்வரின் டேட்டா டைரக்டரியை அழித்துவிட்டார், சுமார் 300 ஜிபி. பேக்கப்பைத் தேடினால் இல்லை. டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 9.6 பதிப்பு, அதன் டேட்டாவை ஃபைலாக நகலெடுக்கும் டம்ப் புரோகிராம் 9.2, அதனால் டம்ப் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோற்றதைச் சொல்லும் மெயிலும் யாருக்கும் போய்ச் சேரவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் வேறு காரணத்துக்காக எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது. உன்னிடம் ஒன்று கேட்கிறேன், அந்த 410 ஜிபியைக் கடைசியாக எப்போது ரெஸ்டோர் செய்து பார்த்தாய்?

ஹட்டிப்பையன்:

அக்கா, நீங்கள் கேட்டபோது பதில் இல்லை. நாலு வருஷத்தில் ஒருதரம்கூடச் செய்ததில்லை, பேக்கப் ஜாப் பச்சையாக இருக்கிறதா என்று மட்டும் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன். போன சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு ஒரு காலி சர்வரில் ஆரம்பித்தேன். முதல் ஐந்து நிமிடத்திலேயே ரோல் இல்லை, ரோல் இல்லை என்று பிழை கொட்டியது. ஒரு டேட்டாபேஸை டம்ப் எடுத்தால் ரோல்களும் பாஸ்வேர்டும் அதில் வராது, அதைத் தனியாக எடுக்க வேண்டும், நாங்கள் எடுக்கவே இல்லை. அதைச் சரிசெய்து ஓட விட்டால், முடிந்தபோது மணி மாலை ஐந்தரை. வாடிக்கையாளரிடம் இரண்டு மணி நேரத்தில் மீட்டுத் தருவோம் என்று கம்பெனி எழுதிக் கொடுத்திருக்கிறது.

சாதாரண எஸ்கியூஎல் டம்ப் என்பதால் ஒரே வரிசையில்தான் ஏறும். டைரக்டரி ஃபார்மேட்டுக்கு மாற்றி, ஒரே நேரத்தில் எட்டு ஜாப் போட்டு, ஞாயிற்றுக்கிழமை மறுபடி செய்தேன். மூன்று மணி பத்து நிமிடம். இரண்டு நேரத்தையும், அந்த 52 நிமிடத்துக்கான காரணத்தையும் எழுதி மேனேஜருக்கு அனுப்பினேன். ஒரு மணி நேரம் பேசினார். சப்போர்ட்டிலிருந்து இரண்டு பேரை ஆன்-காலில் சேர்க்கிறார்கள், நான் மாதம் ஒரு வாரம் பெங்களூர் போய் அவர்களோடு உட்கார வேண்டும், மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றார். கூடலூர் அண்ணா, நீங்கள் சொன்னது அந்த ஒரு வாரத்தில் கொஞ்சமாவது நடக்கும் என்று நினைக்கிறேன். மினி யூபிஎஸ் வாங்கியாயிற்று. கோயில் மேட்டுக்கு இனி ராத்திரியில் போவதில்லை, அம்மாவிடமும் சொல்லிவிட்டேன்.

குன்னூர் டிபிஏ:

நல்லது தம்பி. ஒன்று மட்டும் பாக்கி. அந்த மூன்று மணி நேரத்தில் திரும்ப வருவது டம்ப் ஆரம்பித்த நேரம் வரைக்கும் இருந்த டேட்டாதான். ராத்திரி ஒரு மணிக்கு டம்ப், சாயங்காலம் நாலு மணிக்கு டிஸ்க் போனால் நடுவில் வந்த பதினைந்து மணி நேர வேலை காணாமல் போகும். அதற்கு பேஸ் பேக்கப்பும் (சர்வர் ஃபைல்களின் முழு நகல்), ஒவ்வொரு மாற்றத்தையும் பதிவு செய்யும் வால் (WAL) ஃபைல்களை வேறு இடத்துக்கு ஆர்க்கைவ் செய்வதும் வேண்டும், அப்போது எந்த நிமிடம் வேண்டுமோ அந்த நிமிடத்துக்குத் திரும்பலாம். ஆர்க்கைவ் தோற்றால் வால் ஃபைல் சர்வரிலேயே சேர்ந்து டிஸ்க்கை நிரப்பிவிடும், அதற்கு அலர்ட் வைத்த பிறகு ஆரம்பி. அடுத்த சனிக்கிழமை வெள்ளி மதியம் 3:17-க்கு என்று ஏதாவது ஒரு நேரத்தை வைத்து மீட்டுப் பார், எவ்வளவு நேரம் ஆனது என்று இங்கே எழுது.