புதுப்பிப்பு: மெழுகைக் கையால் பூசுவதா, இயந்திரத்தாலா?

திருவான்மியூரில் கடற்காற்றுப் படும் இடத்தில் நிற்கும் என் கறுப்புக் காருக்கு மெழுகா சீலன்டா (பெயின்ட்டைக் காக்கும் செயற்கைப் பூச்சு), கையால் பூசுவதா பாலிஷ் இயந்திரத்தாலா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி. முடிவு இதுதான்: சீலன்ட், அதுவும் கையால்.

பிரேசில் நாட்டுப் பனைவகை ஒன்றின் இலையிலிருந்து எடுக்கும் கார்னோபா மெழுகு தரும் ஆழமான பளபளப்பு எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் வெயிலிலேயே நிற்கும் வண்டியில் அது சீக்கிரம் தேய்ந்துவிடுகிறது. செயற்கைப் பாலிமர் சீலன்ட் அதைவிட நீண்ட நாள் தாங்கும்.

இயந்திரத்தின் உண்மையான வேலை கீறல்களைக் குறைக்கும் பாலிஷில்தான் இருக்கிறது. சீலன்ட் எதையும் தேய்த்து எடுப்பதில்லை; சுத்தமான பரப்பில் ஒட்டிக்கொள்கிறது, அவ்வளவே. பானெட், கூரை போன்ற அகன்ற இடங்களில் மென்மையான ஃபோம் பேட் வைத்துக் குறைந்த வேகத்தில் ஓட்டினால் சீராகவும் மெல்லியதாகவும் பரவும் என்பது உண்மைதான். ஆனால் கதவுக் கைப்பிடி, கண்ணாடி ஓரம், பம்பர் வளைவு ஆகியவற்றுக்கு எப்படியும் கைதான் வேண்டும்.

முக்கியமானது முன்வேலை. நன்றாகக் கழுவி, கார் பெயின்ட்டைச் சுத்தம் செய்யவென்றே விற்கும் களிமண் கட்டியால் (clay bar) ஒட்டிய துகள்களை எடுத்து, பழைய மெழுகை முழுவதும் நீக்கினேன். மெழுகின் மேல் சீலன்ட் சரியாகப் பிடிக்காது. சீலன்டின் மேல் மெழுகு பூசலாம். நிழலில், தகடு குளிர்ந்த பிறகு, விடியற்காலையில் பூசினேன். தடிமனாகப் பூசினால் பாதுகாப்பு கூடாது, துடைக்கும் பாடுதான் கூடும். கறுப்பு பிளாஸ்டிக் பகுதிகளில் முதலிலேயே டேப் ஒட்டிவிடுங்கள். வெள்ளைக் கறை படிந்தால் எளிதில் போகாது.