தரங்கிணி மாதிரி பாய்க்கப்பல் இன்னும் எதற்கு?

தொண்டிக்காரன்:
அக்கா மகன் கடற்படையில் அதிகாரிப் பயிற்சியில் இருக்கிறான், கொச்சியில். நேத்து போனில் "மாமா, அடுத்த மாசம் தரங்கிணியில ஏத்துறாங்க" என்றான். போட்டோவைப் பார்த்தால் மூணு பாய்மரம், உடம்பு முழுக்கப் பாய். எங்க ஐயா காலத்திலேயே வத்தைப் படகில் பாயைச் சுருட்டிவிட்டு எஞ்சின் மாட்டியாச்சு. விமானந்தாங்கிக் கப்பல் வைத்திருக்கிறவர்களுக்கு இது எதுக்கு? வெள்ளைக்காரன் விட்டுப்போன கப்பலா? அப்புறம், நம்ம பக்கம் வருமா? அக்கா பார்க்கணும் என்கிறது.

பழைய சீருடை:
வெள்ளைக்காரன் கப்பல் இல்லை தம்பி, நம்ம கோவா கப்பல் கட்டும் தளத்தில் கட்டி 1997 நவம்பரில் கடற்படையில் சேர்த்தது. வரைந்து கொடுத்தவர் மட்டும் காலின் மூடி என்ற பிரிட்டன்காரர். 54 மீட்டர் நீளம், 20 பாய். எஞ்சினும் உண்டு, ஆனால் பெருமை அதில் இல்லை. 2003 ஜனவரியில் கொச்சியை விட்டுக் கிளம்பி உலகத்தைச் சுற்றி 2004-இல்தான் வீடு வந்தது. நம்ம கடற்படைக் கப்பல் ஒன்று உலகைச் சுற்றியது அதுதான் முதல் தடவை. 2012-இல் தங்கச்சிக் கப்பல் சுதர்சினியும் வந்தாச்சு.

எதுக்கு என்று கேட்டால், எஞ்சின் கப்பலில் காற்று மாறினால் பையனுக்குத் தெரியவே தெரியாது, திரையைப் பார்த்துக்கொண்டு நிற்பான். இதில் காற்று திரும்பினால் பத்துப் பேர் சேர்ந்து கயிறு இழுக்கணும், ராத்திரி மழையில் குறுக்குமரத்தில் ஏறிப் பாயைச் சுருட்டணும், பக்கத்தில் நிற்கிறவனை நம்பணும். வத்தை சாயும்போது பலகையில் ஏறி உட்கார்ந்து நிமிர்த்தினவர்கள் ஊர்க்காரர் நீங்கள், உங்களுக்கு நான் சொல்லணுமா!

மண்டபம் வாடைக்காற்று:
இதில் ஆபத்தும் உண்டு, மறைக்கக்கூடாது. 1932-இல் ஜெர்மனியின் நியோபே என்ற பயிற்சிக் கப்பல் திடீர்ச் சூறைக்காற்றில் கவிழ்ந்து 69 பேர் போனார்கள், நிறையப் பேர் பயிற்சிக்கு வந்த பையன்கள். அதோடு நிறுத்துவார்கள் என்றுதானே நினைப்போம்? அடுத்த வருஷமே கோர்ச் ஃபோக் என்று புதுசாக ஒன்றை இறக்கினார்கள். அதே வரிசையில் 1936-இல் வந்த கப்பலைப் போருக்குப் பிறகு அமெரிக்கா எடுத்துக்கொண்டு ஈகிள் என்று பேர் மாற்றி, இன்றைக்கும் கடலோரக் காவல்படைப் பிள்ளைகளை அதில்தான் ஏற்றுகிறது.

நம்ம பக்கம் வருமா என்பதற்கு: பாம்பன் வாய்க்கால் ஆழம் காணாது. புதுப் பாலத்தைத் தூக்கினாலும் தண்ணீருக்கு மேல் 22 மீட்டர்தான், அந்தப் பாய்மரம் அதைவிட ரொம்ப உசரம். கொச்சியிலிருந்து சென்னைக்குப் போனாலும் இலங்கையைச் சுற்றித்தான் போகும்.

தொண்டிக்காரன்:
சரி, அக்காவைக் கொச்சிக்குக் கூட்டிப் போறேன். 69 பேர் கதையை மட்டும் யாரும் அதுகிட்ட சொல்லிடாதீங்க.