புதுப்பிப்பு: பி.காம் வேண்டாம், வரலாறுதான்

பிளஸ் டூ முடித்ததும், "அப்பா பி.காம் என்கிறார், எனக்கு வரலாறு பிடிக்கும், வேலை கிடைக்குமா?" என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. பி.ஏ. வரலாறே சேர்ந்துவிட்டேன்.

போன மாதம் மதுரைக்குப் பக்கத்தில் மாங்குளம் மலைக்குப் போனோம். குகை நெற்றியில் தமிழி, அதாவது தமிழின் மிகப் பழைய எழுத்தில் வெட்டிய கல்வெட்டு. 'கணிய் நந்த' என்று ஒரு சமணத் துறவியின் பெயரை எழுத்துக்கூட்டி நானே படித்தபோது கை நடுங்கியது. ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய எழுத்து!

வேலைப் பயம் போய்விடவில்லை. முதுகலை முடித்துத் தொல்லியல் துறையின் இரண்டாண்டுப் பட்டயப் படிப்புக்கு முயல்வேன். அதோடு அரசு வேலைக்கான குரூப் 2 தேர்வுக்கும் படிக்கிறேன். அதற்கு ஏதாவது ஒரு பட்டம் போதும். அப்பாவிடம் இதைச் சொன்னேன். "சரி, படி" என்றார். அப்புறம் அந்தக் கல்வெட்டுப் படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.