27 நாள் நாற்றுகள்: மிளகாயில் சுருட்டை, தக்காளியில் ஊதா, கத்தரியில் மஞ்சள்

ஓசூர்_மாடி:

அனைவருக்கும் வணக்கம். மார்கழிக் கடைசியில் மூன்று குழித்தட்டுகளில் மிளகாய், தக்காளி, கத்தரி விதைத்தேன். இன்று 27 நாள் ஆகிறது. மிளகாய் நாற்றுகளில் தளிரிலைகளின் இரு ஓரங்களும் மேல்நோக்கி மடிந்து சிறு படகு போல நிற்கின்றன. தக்காளி இலைகளின் அடிப்புறமும் நரம்புகளும் ஊதா நிறமாகிவிட்டன. வளர்ச்சியும் நின்றுவிட்டது போலத் தெரிகிறது. கத்தரியில் அடியிலைகள் மஞ்சளாகி உதிர்கின்றன, அவற்றுக்கு மேலே உள்ள இலையும் வெளிறத் தொடங்கியிருக்கிறது.

கடையில் வாங்கிய தென்னை நார்க்கழிவுக் கட்டியை ஒருமுறை ஊறவைத்து, வேறு எதுவும் கலக்காமல் தட்டுகளில் நிரப்பினேன். தண்ணீர் ஆழ்துளைக் கிணற்று நீர்தான். முந்தாநாள் காலை பதினொரு மணிக்கு, லிட்டருக்கு 10 மி.லி. வேப்பெண்ணெயைப் பாத்திரம் கழுவும் சோப்புடன் கலந்து மூன்று தட்டுகளுக்கும் தெளித்தேன். மறுநாள் சில இலைகளில் பழுப்புத் திட்டுகள் புதிதாகத் தோன்றின. மூன்றுக்கும் ஒரே மருந்து போதும் என்று கடைக்காரர் ஒரு புட்டியைக் காட்டினார், வாங்காமல் வந்துவிட்டேன். வாங்கியிருக்க வேண்டுமா?

நாற்றங்கால்_ராயக்கோட்டை:

வாங்காமல் வந்ததே நல்லது, அம்மா. மூன்று தட்டிலும் மூன்று வெவ்வேறு காரணங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று மட்டுமே பூச்சியால் வந்தது போலத் தெரிகிறது. பழுப்புத் திட்டு நோயன்று, நீங்கள் தெளித்ததால் ஏற்பட்ட கருகல். நாற்றுப் பருவத்தில் வேப்பெண்ணெய் லிட்டருக்கு 3 மி.லி.க்கு மேல் போகக் கூடாது. அதையும் வெயில் இறங்கிய பிறகே தெளிக்க வேண்டும். பாத்திரச் சோப்பு இலையின் மெழுகுப் பூச்சைக் கரைத்துவிடும் என்பதால் காதி சோப்புக் கரைசலைச் சில துளிகள் சேர்த்தால் போதும்.

கத்தரியில் முதலில் உதிர்ந்தவை நீள்வட்டமாக, ஓரத்தில் வெட்டு இல்லாமல் இருந்தால் அவை விதை முளைத்ததும் முதலில் விரியும் விதையிலைகள். இந்த வயதில் உதிர்வது இயல்பு. அதற்கு மேலுள்ள இலையும் வெளிறுவதுதான் தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவைக் காட்டுகிறது. தழைச்சத்து போதாத செடி, மூத்த இலையிலிருந்து அதை உறிஞ்சித் தளிருக்கு அனுப்பும். ஆகவே மஞ்சள் கீழிருந்து மேலேறும். மக்காத நார்க்கழிவில் கரிமத்துக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் ஏறத்தாழ 112:1 ஆக இருக்கும். அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் உங்கள் நாற்றுக்கு முன்பே தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும். நாங்கள் மக்கிய நார்க்கழிவையே நிரப்புகிறோம், விதைத்த 18ஆம் நாள் வாக்கில் 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள, நீரில் கரையும் உரம்) கரைசலும் ஊற்றுகிறோம். நீங்கள் லிட்டருக்கு 2 கிராம் அளவில் தொடங்கி, வாரம் ஒருமுறை வேரில் ஊற்றுங்கள்.

ஆனால் உரத்துக்கு முன் ஒன்றைப் பாருங்கள். குழிகளின் விளிம்பில் வெள்ளையாகப் பொருக்குப் படிந்திருக்கிறதா? இருந்தால் அது உப்பு. கழுவாத நார்க்கழிவிலும் உப்பு உண்டு, உங்கள் கிணற்று நீரிலும் இருக்கக்கூடும். குடிநீரை அடித்துளை வழியாக நன்றாக ஒழுகும்வரை இரண்டு முறை ஊற்றிக் கழுவிய பிறகே உரம் கொடுங்கள். இல்லாவிட்டால் உப்பின் மேல் உப்பைக் கொட்டியதாகும்.

தக்காளியின் ஊதா நிறம் மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறைவின் அடையாளம். மணிச்சத்து தட்டில் இருந்தாலும், வேர் குளிர்ந்திருந்தால் அதை எடுக்க முடியாது. தை மாதத்து ஓசூர்க் குளிரில் தட்டு வெறும் சிமெண்டுத் தரையில் கிடந்தால் இதுதான் நடக்கும். நாங்கள் தட்டுகளைக் கம்பி மேடையில் வைக்கிறோம். நீங்கள் இரண்டு செங்கல் மேல் ஒரு பலகையைப் போட்டாலே போதும். மாலையில் தண்ணீர் விடுவதை நிறுத்துங்கள்.

பயிர்க்காவல்:

மிளகாயைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இலை எந்தப் பக்கம் மடிகிறது என்பதே முதல் தடயம். ஓரங்கள் மேல்நோக்கி மடிந்து, அடிப்புறம் வெள்ளி பூசியது போலிருந்தால் இலைப்பேன் (த்ரிப்ஸ்) என்ற சாறு உறிஞ்சும் பூச்சி. கீழ்நோக்கிக் கவிழ்ந்து, இலைக்காம்பு எலிவால் போல நீண்டிருந்தால் மஞ்சள் சிலந்தி (மைட்) என்ற நுண்ணிய உயிரி. அதைப் பார்க்கப் பத்து மடங்கு லென்ஸ் வேண்டும். இலைகள் சிறுத்து, நரம்புகள் தடித்து, கணுக்கள் நெருங்கிக் கொத்தாக நின்றால் வெள்ளை ஈ பரப்பும் வைரஸாக இருக்கலாம்.

ஒரு வெள்ளைத் தாளைக் குருத்தின் கீழே பிடித்து, நாற்றை விரலால் இரண்டு முறை தட்டுங்கள். வெளிர்மஞ்சளாக, ஊசிமுனை அளவில், நீளவாக்கில் ஏதாவது ஓடினால் அது இலைப்பேன்தான். அப்படியானால் நீல நிற ஒட்டும் அட்டை ஒன்றைத் தட்டின் உயரத்திலேயே கட்டுங்கள். வேப்பெண்ணெயை நாற்றங்கால்காரர் சொன்ன அளவில் மூன்று நாள் கழித்து மீண்டும் தொடங்கி, ஐந்தாறு நாளுக்கு ஒருமுறை என மூன்று முறை தெளியுங்கள். முட்டை இலைத் திசுவுக்குள்ளும் கூட்டுப்புழுப் பருவம் மண்ணிலும் இருப்பதால் ஒரே தெளிப்பில் எல்லாம் அடங்காது.

சிலந்தியாக இருந்தால் நனையும் கந்தகம் பயன்படும். ஆனால் எண்ணெய் தெளித்து இரண்டு வாரமாவது கழியாமல் கந்தகத்தைத் தொட வேண்டாம். இரண்டும் சேர்ந்தால் இலை கருகும்.

ஓசூர்_மாடி:

இருவருக்கும் மிக்க நன்றி. தாளில் தட்டிப் பார்த்தேன்; நான்கு நாற்றுகளிலிருந்து ஏழு பூச்சிகள் விழுந்து ஓடின, நீங்கள் சொன்ன அதே வெளிர்மஞ்சள். குழி விளிம்பில் வெள்ளைப் பொருக்கும் இருக்கிறது. இத்தனை நாள் அதைப் பூஞ்சணம் என்று நினைத்திருந்தேன். தட்டுகள் தரையில்தான் இருந்தன. ஒரே ஒரு மிளகாய் நாற்று மட்டும் இலை சிறுத்துக் கொத்தாக நிற்கிறது. அதைப் பிடுங்கிவிடலாமா?

நாற்றங்கால்_ராயக்கோட்டை:

நான் பிடுங்கிவிடுவேன். வைரஸுக்கு மருந்து கிடையாது. ஒரு வெள்ளை ஈ அதில் சாறு உறிஞ்சிவிட்டுப் பக்கத்து நாற்றில் உட்கார்ந்தால் நோய் அங்கும் வந்துவிடும்.

பயிர்க்காவல்:

இலைப்பேன் அதிகமானாலும் குருத்து இப்படிச் சிறுத்துப்போவதுண்டு என்பதால், நான் உடனே பிடுங்கச் சொல்லமாட்டேன். ஒரு தம்ளருக்கு மாற்றி, கொசுவலைத் துணியால் மூடி, தட்டுகளிலிருந்து தள்ளி வையுங்கள். தெளிப்புக்குப் பின் வரும் இரண்டு புதிய இலைகள் விரிந்தால் வைத்துக்கொள்ளலாம். அவையும் சுருங்கினால் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள், உரக்குழியில் வேண்டாம்.

நாற்றங்கால்_ராயக்கோட்டை:

ஒரு நாற்றுதானே, அப்படியும் செய்யலாம். தக்காளியை மட்டும் காத்திருக்க வைக்காதீர்கள். அதற்கு நடவு வயது வந்துவிட்டது, இனி குழிக்குள் வேர் சுற்றத் தொடங்கும். மண்ணும் மண்புழு உரமும் கலந்த பைகளுக்கு ஒரு மாலையில் மாற்றி, தண்டை விதையிலைக் கணு வரை புதைத்து வையுங்கள். புதைந்த பகுதியிலும் வேர் விடும். பழைய இலைகளில் ஊதா அப்படியே தங்கினாலும் கவலை வேண்டாம், புதிதாக வரும் இலை பச்சையாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.