வளையம் இருந்தும் பாரிசவாதம் வருவது ஏன்?

கொட்டகலை தாதிப் பயிற்சி:
மூளைக்கு அடியில் நாடிகள் வளையமாகச் சேருது, ஒன்று அடைத்தால் மற்றது ஈடுகட்டும் என்று படித்தோம். அப்படியென்றால் நடு மூளைய நாடி அடைத்ததும் ஒரு பக்கம் ஏன் விழுந்துபோகுது? இரத்தம் வெளியேறும் வழியும் குழப்பம்.

உடற்கூற்று சார்:
நீங்கள் படித்த அந்த வளையத்துக்கு வில்லிஸ் வளையம் என்று பெயர். நடு மூளைய நாடி அதன் பகுதியே அல்ல, தங்கச்சி. கழுத்து வழியாக மூளைக்கு ஏறும் உள் கரோட்டிட் நாடி வளையத்தைத் தொடும் இடத்துக்கு அப்பால் அது தனியே பிரிந்து போகிறது. வளையம் ஈடுகட்டுவது அதற்கு முன்னால் வரும் அடைப்பை. கழுத்துக் கரோட்டிட் மெல்ல ஒடுங்கினால் மறுபக்கத்து இரத்தம் வந்துவிடும். ஹட்டனுக்கு கினிகத்தேனைப் பக்கமாகவும் வரலாம், தலவாக்கலைப் பக்கமாகவும் வரலாம். தோட்டத்துக்கு ஏறும் ஒற்றைப் பாதையில் மண் சரிந்தால் இரண்டும் இருந்து என்ன?

மூளையின் மேற்பரப்பில் முன், பின் மூளைய நாடிகளின் நுனிக்கிளைகள் கொஞ்சம் கைகொடுக்கும். ஆழத்துச் சிறு கிளைகளுக்கு அதுவும் இல்லை. அங்கே கடுகளவு அடைப்பே முகம், கை, கால் மூன்றையும் சாய்த்துவிடும்.

100 கிராம் மூளைக்கு நிமிடத்துக்குச் சுமார் 50 மில்லிலீற்றர் இரத்தம் வேண்டும். 20க்குக் கீழே கலம் வேலையை நிறுத்தும், 10க்குக் கீழே சாகும். இடைப்பட்டதைத்தான் சிகிச்சை மீட்கிறது. இன்னொன்று, படத்தில் போடும் முழு வளையம் பாதிப் பேருக்குக்கூட இருப்பதில்லை.

பிரசவ விடுதி:
மூளையிலிருந்து இரத்தத்தை வெளியே கொண்டுபோகும் நாளங்கள் நாடிகளோடு சேர்ந்து ஓடுவதில்லை, வால்வும் கிடையாது. அவை சைனஸ்களில் போய்ச் சேரும். இது மூக்குச் சைனஸ் அல்ல, மூளையை மூடும் கெட்டி உறைக்குள் ஓடும் இரத்த வாய்க்கால். மேற்பரப்பு இரத்தம் உச்சியில் ஓடும் மேல் நெடுக்குச் சைனசுக்கும், ஆழத்து இரத்தம் கேலன் நாளம் வழியாக நேர் சைனசுக்கும் போகும். இரண்டும் பிடரிப் பக்கம் சந்தித்து, குறுக்குச் சைனஸ், சிக்மொயிட் சைனஸ் வழியாக உள் கழுத்து நாளத்தில் இறங்கும்.

பிள்ளை பெற்ற சில வாரங்களுக்குள் நாளுக்கு நாள் கூடும் தலைவலி, வாந்தி, வலிப்பு என்றால் தைலம் பூசிக்கொண்டு இருக்காதீர்கள். சைனசில் இரத்தம் உறைந்திருக்கலாம். சாதாரண சீ.ரி.யில் தெரியாமலும் போகும், நாளங்களைக் காட்டும் ஸ்கேனான வெனோகிராம் வேண்டும். மூளைக்குள் இரத்தக் கசிவு இருந்தாலும் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின்தான் கொடுப்பார்கள். கசிவதே வடிய வழியில்லாத அழுத்தத்தால்தானே.

அவசரப் பிரிவு:
முகம் கோணினால் 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள். கடைசியாக நன்றாக இருந்த நேரத்தை எழுதி அனுப்புங்கள். தூங்கி எழும்பும்போதே விழுந்திருந்தால் படுக்கப்போன நேரம்தான் கணக்கு. கட்டி கரைக்கும் ஊசிக்கு 4.5 மணித்தியாலம், மலைப்பாதை அதில் நிறையத் தின்றுவிடும். ஸ்கேனுக்கு முன் அஸ்பிரின் வேண்டாம், உள்ளே கசிவாகவும் இருக்கலாம். தேத்தண்ணி கொடுத்தால் சுவாசப்பைக்குள் போகும். தோட்டத்து டிஸ்பென்சரியில் சீனி பார்க்க முடிந்தால் பாருங்கள். சீனி இறங்கினாலும் ஒரு பக்கம் விழும்.