சந்தா நின்றால் வயலின் ஊமை

கவின்: போன வருடம் முடித்த மெட்டை இன்று கணினியில் திறந்தேன். வயலின் ஊமையாகிவிட்டது. நோட்டுகளெல்லாம் திரையில் கட்டம் கட்டமாக நிற்கின்றன, சத்தம்தான் இல்லை. இசை மென்பொருளுக்குள் வயலின் ஓசை தரும் துணை மென்பொருள் அது, பிளகின் என்பார்கள். அதற்கு மாதச் சந்தா. இரண்டு மாதத்துக்கு முன்பு நிறுத்தியிருந்தேன்.

சித்தப்பா: நிறுத்தினால் நிற்கத்தானே செய்யும்? வாடகை கொடுக்காத வீட்டில் போய்ப் படுக்க முடியுமா?

கவின்: வீட்டைக் காலி செய்யும்போது பாத்திரம் பண்டங்களை எடுத்துக்கொண்டுதானே வருவோம், சித்தப்பா? இங்கே அவற்றையும் சேர்த்துப் பூட்டிவிட்டார்கள்.

மீனா அக்கா: 😂 பதில் சொல்லுங்கள் சித்தப்பா.

சித்தப்பா: மென்பொருள் எழுதுகிறவன் பக்கத்தையும் பாருங்கள். ஒரு முறை விற்றுவிட்டு, இயங்குதளம் மாறும்போதெல்லாம் சும்மா திருத்திக் கொடு என்றால் அவன் எப்படி உலை வைப்பான்? 2019இல் மேக் கணினிகளுக்குக் கேடலினா என்ற இயங்குதளம் வந்து, 32 பிட் என்ற பழைய வகை மென்பொருள்களைக் கைவிட்டது. திருத்தி எழுத ஆளில்லாதவை அதில் திறக்கவே இல்லை. காசு கொடுத்துச் சொந்தமாக வாங்கியவைதான் அவையும்.

மீனா அக்கா: அது சரி. ஆனால் பழைய கணினியை மாற்றாமல் ஓரமாக வைத்திருந்தால் அதில் ஓடும். சந்தா அப்படியா? அவ்வப்போது இணையத்தில் ஆஜர் கொடுக்க வேண்டும்.

கவின்: எஃப்எல் ஸ்டுடியோ என்ற இசை மென்பொருளை ஒரு முறை வாங்கினால் வாழ்நாள் முழுக்கப் புதிய பதிப்பு இலவசம். அவர்கள் உலை வைக்கவில்லையா?

சித்தப்பா: புதிதாக வாங்க ஆள் வந்துகொண்டே இருக்கும்வரை சரி. எனக்கு ரீப்பர் என்ற இன்னொரு இசை மென்பொருளின் கணக்குத்தான் நியாயமாகப் படுகிறது. தனி ஆளுக்கு 60 டாலர், இரண்டு பெரிய பதிப்புகள் வரை புதுப்பிப்பு. அதற்குமேல் வேண்டுமென்றால் மறுபடி வாங்கு, வேண்டாமென்றால் பழையது உன்னுடையது.

அத்தை: யார் வீட்டைக் காலி செய்கிறார்கள்? என்னிடம் ஒருவரும் சொல்லவில்லையே!

கவின்: வீடு இல்லை அத்தை, மென்பொருள்.

அத்தை: அப்பாடா.

மீனா அக்கா: 2023 மார்ச்சில், பிளகின்கள் விற்கும் வேவ்ஸ் நிறுவனம் இனிச் சந்தா மட்டும்தான் என்றது. கிளம்பிய கூச்சலில் சில நாட்களிலேயே நிரந்தர உரிமத்தைத் திரும்பக் கொண்டுவந்தது. சந்தா இருப்பதில் யாருக்கும் கோபமில்லை, வேறு வழியே இல்லை என்பதில்தான் கோபம். ஸ்ப்ளைஸ் என்ற இசைத் தளத்தில் பிளகின்களுக்குத் தவணை முறை இருக்கிறது. மாதாமாதம் கட்டி விலை தீர்ந்ததும் நமக்கே சொந்தம், கை கடித்தால் நடுவில் நிறுத்தியும் வைக்கலாம்.

சித்தப்பா: அது நல்ல ஏற்பாடு. கவின், இப்போதைக்கு ஒரே ஒரு மாதம் கட்டு. வயலினை ஒலிக்கோப்பாக எடுத்துக்கொண்டு உடனே நிறுத்திவிடு.

மீனா அக்கா: மெட்டு முடிந்த அன்றே செய்திருக்க வேண்டிய வேலை. நான் ஒவ்வொரு வாத்தியத்தின் டிராக்கையும் தனித்தனி ஒலிக்கோப்பாக எடுத்து வைத்துவிட்டுத்தான் தூங்கப் போவேன்.

கவின்: கட்டத்தான் போனேன். மாதச் சந்தாவை எடுத்துவிட்டார்களாம். இனி வருடத்துக்கு மொத்தமாகத்தான்.

சித்தப்பா: இது அநியாயம்!