உராவா – கோபே மேட்ச்: 7 டிக்கெட்

குமரன் (நிஷி கசாய், டோக்கியோ) 8:04
அடுத்த மாசம் ரெண்டாவது சனிக்கிழமை உராவா ரெட்ஸ் – விஸ்ஸல் கோபே, ஜே லீக் (ஜப்பான் ஃபுட்பால் லீக்) மேட்ச், சைதாமா ஸ்டேடியம். டிக்கெட் நாளைக்குக் காலையில 10 மணிக்குத் திறக்குது. பெரியம்மா, பெரியப்பாவையும் சேர்த்து 7 பேர். எந்தப் பக்கம் உட்காரணும்னு இன்னைக்கு ராத்திரியே சொல்லிடுங்க.

ராஜி சித்தி 8:06
எல்லாரும் ஒண்ணா

விஜயா பெரியம்மா (மதுரை) 8:07
அன்னைக்குக் கோயில் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னியே ராஜி

ராஜி சித்தி 8:07
அது ஞாயித்துக்கிழமை, அக்கா

செந்தில் மாமா (கோபே) 8:15
குமரா, அவசரப்பட்டு பட்டனை அமுக்காதே. அந்த ஸ்டேடியத்துல வடக்குக் கோல் பின்னாடி முழுக்க உராவா ரசிகர்கள். 90 நிமிஷமும் நின்னு குதிப்பாங்க, உட்கார முடியாது. தெற்குக் கோல் பின்னாடி விசிட்டர் பகுதி, அதாவது கோபே ஆளுங்க. நடுவுல மெயின் ஸ்டாண்ட், எதிர்ல பேக் ஸ்டாண்ட். கூரை மெயினுக்கும் பேக்குக்கும் மட்டும்தான். கோல் பின்னாடி ரெண்டு பக்கமும் திறந்தவெளி, மழை வந்தா நனையணும். குடை விரிக்க விடமாட்டாங்க, போஞ்சோதான், அதாவது தலை வழியாப் போடற மழைக்கோட்டு. ஆளுக்கு ஒண்ணு முன்னாடியே வாங்கிடுங்க, அங்க போய்த் தேடக் கூடாது. நம்ம எல்லாரும் விசிட்டர் பகுதிக்கு எடுக்கறதுதான் முறை.

பாலா சித்தப்பா 8:16
யாருக்கு முறை

குமரன் 8:16
பெரியப்பா முட்டிக்கு விசிட்டர் பகுதி சரிப்படாது மாமா. அங்கயும் எல்லாரும் நிப்பாங்க. மேல்தளமும் வேண்டாம், படி செங்குத்து. மெயின் கீழ்தளம் பாக்கறேன்.

விஜயா பெரியம்மா 8:18
அவருக்கு முட்டி இப்ப பரவாயில்ல. புளியோதரை கட்டிட்டு வரலாமா, உள்ள விடுவாங்களா

குமரன் 8:19
சாப்பாடு விடுவாங்க. கேனும் கண்ணாடி பாட்டிலும்தான் போகாது. அதை வாசல்லயே பேப்பர் கப்ல ஊத்திக்கணும்.

ராஜி சித்தி 8:21
ஒரு விஷயம். ஆதி அந்த இனியெஸ்டா ஜெர்சியப் போட்டுட்டுத்தான் வருவானாம், கோபேக்கு ஆடின ஸ்பெயின்காரர். மாமா அனுப்பினது

குமரன் 8:21
ஐயோ

விஜயா பெரியம்மா 8:22
ரெண்டு டீமும் சிவப்புதானே, என்ன இப்ப

செந்தில் மாமா 8:26
அக்கா, உராவா பளிச்சுனு சிவப்பு, கோபே கருஞ்சிவப்பு. அது இருக்கட்டும், நெஞ்சுல இருக்கற சின்னத்தைத்தான் பாப்பாங்க. எதிரணி ஜெர்சி, துண்டு, தொப்பி எதுவா இருந்தாலும் விசிட்டர் பகுதிக்கு வெளிய போடக் கூடாது. காவலர் வந்து மரியாதையாத்தான் சொல்லுவார், கழட்டுங்க, இல்ல மேல ஏதாவது போட்டு மூடுங்கன்னு. குழந்தைக்கும் அதே விதி. அப்புறம், மெயின்ல உட்கார்ந்து கோபே கோல் அடிச்சா துள்ளவும் கூடாது. அதனாலதான் விசிட்டர்னு சொன்னேன்.

பாலா சித்தப்பா 8:28
காதுகுத்துக்கு மடி குடுக்க வராத தாய்மாமன், ஜெர்சி மட்டும் கரெக்டா பார்சல்ல அனுப்பறார்

ராஜி சித்தி 8:28
ஏங்க

செந்தில் மாமா 8:29
மாப்பிள்ளை, அது விசா பிரச்சினை. எத்தனை தடவை சொல்றது

அருண் (சுவோன், கொரியா) 8:31
மேல ஜாக்கெட் போட்டு ஜிப் ஏத்திடு ஆதி. முடிஞ்சது

விஜயா பெரியம்மா 8:32
அருண் நீ ஆன்லைன்லதான் இருக்கியா? அந்த ஜாதகம் பாத்தியா இல்லையா

அருண் 8:33
மாமா, இங்கிலாந்து வீரர் லிங்கார்ட் இங்க எஃப்சி சியோல் கிளப்புக்கு வந்தப்ப எவ்வளவு கூட்டம் தெரியுமா? 2024 மார்ச் 10, முதல் ஹோம் மேட்ச், 51,670 பேர்

விஜயா பெரியம்மா 8:33
பேச்சை மாத்தாதே

பாலா சித்தப்பா 8:35
கோபே இனியெஸ்டாவை 2018-ல கொண்டுவந்தாங்க. 2023 ஜூலையில போனார். அந்த வருஷமே லீக் சாம்பியன் கப். அடுத்த வருஷமும் கப். பெரிய பேர் இருந்தவரைக்கும் லீக் வரல

செந்தில் மாமா 8:44
இதுக்குத்தான் நான் பேசாம இருக்கறது. மாப்பிள்ளை, 2020 ஜனவரி 1 புது நேஷனல் ஸ்டேடியம் திறந்து முதல் மேட்ச், எம்பரர்ஸ் கப் (லீக் இல்லாத தனி நாக்-அவுட் போட்டி) பைனல், கஷிமா கிளப்பை 2-0-னு ஜெயிச்சது கோபே. கிளப்புக்கே அதுதான் முதல் கப். இனியெஸ்டா கேப்டன். 2023-ல கோபே ஃபார்வர்டு ஒஸாகோ 22 கோல் போட்டார், பின்னாடி பிரேசில்காரர் துலெர் நின்னார், ஓடி அழுத்தற ஆட்டம். 39 வயசுக்காரரை வெச்சுக்கிட்டு அந்த ஆட்டம் ஆட முடியாது, அது உண்மை. ஆனா அவரோட தினம் பயிற்சி பண்ணின பசங்கதானே அந்தக் கப்பைத் தூக்கினது? வெளிநாட்டு வீரர்ல ரெண்டு ரகம் இருக்கு. டிக்கெட் விக்க வர்றவர், கிளப்பையே கட்டிட்டுப் போறவர். பிரேசில்காரர் ஸிக்கோ 1991-ல வந்தப்ப கஷிமா கிளப் ஒரு ஸ்டீல் கம்பெனி டீம், ரெண்டாம் டிவிஷன். பூட்ஸ் துடைக்கறதுல இருந்து சொல்லிக் குடுத்தார்னுதான் அங்க பேசுவாங்க. 1993 மே மாசம் ஜே லீக்ல கஷிமாவோட முதல் மேட்ச்லயே ஹாட்ரிக். எதிர்ல இங்கிலாந்து ஸ்டார் லினேக்கர் இருந்த நகோயா, 5-0. ஸ்டேடியத்துல அவருக்குச் சிலையே இருக்கு. அப்புறம்

பாலா சித்தப்பா 8:44
ஸிக்கோவை யார் கேட்டா

குமரன் 8:45
மாமா டிக்கெட்

அருண் 8:47
ஆனா ஒண்ணு சித்தப்பா, ரசிகர்களுக்குக் கப்பு முக்கியமில்ல. எங்க சுவோன் ப்ளூவிங்ஸ் 2023-ல கடைசி இடத்துக்குப் போய் ரெண்டாம் டிவிஷன்ல விழுந்தது. அங்க போயும் மேட்சுக்கு 10,000 பேர் வந்தாங்க. எங்க பரம எதிரி எஃப்சி சியோலுக்குக் கோலாக் குவிச்ச வெளிநாட்டு ஃபார்வர்டு தேயான் 2018-ல நேரா எங்ககிட்ட வந்தார். அவனுங்க மூஞ்சியைப் பாத்திருக்கணும்

ராஜி சித்தி 8:48
ஆதி கேக்கறான், கொரியாவுல வெளிநாட்டு கோல்கீப்பரே கிடையாதாமே, ஏன்

அருண் 8:51
சாரிச்சேவ்னு பழைய சோவியத் யூனியன்காரர் ஒருத்தர் வந்தார். அவர் கீப்பரா நின்ன இல்ஹ்வாங்கற கொரிய டீமுக்கு எவனாலயும் கோல் போட முடியல. மத்த கிளப் எல்லாம் அதே மாதிரி வெளிநாட்டு கீப்பரைக் கூட்டிட்டு வர ஆரம்பிச்சா, உள்ளூர் கீப்பருக்கு வேலை இல்ல. 1996-ல இருந்து படிப்படியா மேட்ச் எண்ணிக்கையைக் குறைச்சு, 1999-ல மொத்தமா தடை. அவர் 2000-ல கொரியக் குடியுரிமை வாங்கி ஷின் உய்-சோன்னு பேரை மாத்திட்டுத் திரும்பக் கோல்ல வந்து நின்னுட்டார். தடையை எடுத்தது 2026-லதான்

விஜயா பெரியம்மா 8:52
அவனெல்லாம் ஒரு ஊர்ல நிலைச்சுட்டான் பாரு. நீ எப்ப

அருண் 8:52
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

ராஜி சித்தி 8:55
செந்தில், நான் ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதே. உராவாவுல வெளிநாட்டுக்காரங்க வேண்டாம்னு பேனர் வெச்சாங்களே. நாம சேலை கட்டிட்டு அங்க போய் உட்கார்றது பரவாயில்லையா

செந்தில் மாமா 9:02
ராஜி, அது 2014 மார்ச் 8, சாகன் டோசு மேட்ச். வடக்குப் பக்கம் 209-வது வாசல் மேல ஜப்பானியர்களுக்கு மட்டும்னு ஆங்கிலத்துல எழுதித் தொங்கவிட்டாங்க. எழுதினவங்களை விட கிளப் மேலதான் எனக்குக் கோபம், மேட்ச் முடியற வரைக்கும் அதைக் கழட்டல. லீக் தலைவர் முராய் அஞ்சு நாள்ல தீர்ப்பு சொன்னார். 23-ஆம் தேதி ஷிமிஸு மேட்ச் ஆளே இல்லாம காலி ஸ்டேடியத்துல நடந்தது, ஜே லீக் சரித்திரத்துலயே முதல் தடவை. அபராதம் போட்டிருந்தா கட்டிட்டுப் போயிருப்பாங்க. காலி ஸ்டேடியம்தான் உறைச்சது. இப்போ குடும்பத்தோட மெயின்ல உட்கார்றதுக்குப் பயப்பட ஒண்ணும் இல்ல. வடக்கு நடுப்பகுதிக்கு மட்டும் புது ஆள் போகாம இருக்கறது நல்லது, அது வெளிநாடு உள்நாடு எல்லாருக்கும்தான். அங்க போனைத் தூக்கிப் படம் எடுத்துட்டு நின்னா முறைப்பாங்க.

பாலா சித்தப்பா 9:03
இது உருப்படியா சொன்னீங்க மச்சான்

ராஜி சித்தி 9:04
சரி. ஆதியோட அடுத்த கேள்வி, தாய்லாந்து வீரர் ஏன் வெளிநாட்டுக் கணக்குல வரமாட்டார்

குமரன் 9:06
ஜே லீக் சில நாட்டு லீக்குகளோட ஒப்பந்தம் வெச்சிருக்கு. தாய்லாந்து, வியட்நாம், மலேசியா, இந்தோனேசியா அப்படி. 2019-ல இருந்து எத்தனை வெளிநாட்டு வீரரை வேணா பதிவு பண்ணலாம், ஆனா ஜே1-ல, அதாவது முதல் டிவிஷன்ல, ஒரு மேட்சுக்கு 5 பேர்தான். ஒப்பந்த நாட்டுக்காரங்க அந்த 5-ல சேரமாட்டாங்க. சப்போரோ கிளப்புல தாய்லாந்து வீரர் சனாதிப் அப்படித்தான் வந்து 2018-ல லீக்கோட சிறந்த 11-லயும் இடம் பிடிச்சார். இந்தியா பட்டியல்ல இல்ல. ஆதி கிளம்பினா 5-ல ஒருத்தனாத்தான் போகணும்.

பாலா சித்தப்பா 9:07
முதல்ல கணக்குப் பாடத்துல பாஸ் ஆகட்டும்

அருண் 9:08
சீனாவை யாரும் சொல்லலியே. பிரேசில் வீரர் ஆஸ்கரை வாங்க 6 கோடி பவுண்டு. குவாங்ஜோ கிளப் 8 லீக் சாம்பியன் கப், 2 ஆசிய சாம்பியன்ஸ் லீக், 2025 ஜனவரியில கிளப்பே இல்ல. ரசிகன் எங்க போவான்

செந்தில் மாமா 9:09
அதைப் பத்தி நான் தனியா எழுதறேன்

குமரன் 9:09
வேண்டாம் மாமா. என் யோசனை இது: மெயின் கீழ்தளம் 5, விசிட்டர் 2. மாமாவும் ஆதியும் விசிட்டர். ஜெர்சியும் போட்டுக்கலாம். ஸ்டேடியத்துக்கு உள்ள விசிட்டர் பகுதியில இருந்து மத்த பக்கத்துக்கு வர முடியாது, அதனால முடிஞ்சதும் வெளியில பாத்துக்கணும்.

ராஜி சித்தி 9:11
2 மணி நேரம் செந்தில்கூட தனியாவா. அவன் பாத்ரூம் போகணும்னா

செந்தில் மாமா 9:11
நான் என்ன யாரோவா

பாலா சித்தப்பா 9:12
திரும்பற வழி சொல்லு குமரா. உராவா மிசோனோ ஸ்டேஷன்ல கூட்டம் நெரியும்

குமரன் 9:15
எனக்கு ஈஈதபாஷில மாறி நம்போகு லைன். போறப்ப உராவா மிசோனோனு போர்டு போட்ட ரயிலாப் பாத்து ஏறணும், சிலது பாதியிலேயே நின்னுடும். ஸ்டேஷன்ல இருந்து 20 நிமிஷ நடை. பெரியப்பாவுக்கு உராவா ஸ்டேஷன்ல இருந்து பஸ். திரும்பறப்ப விசில் அடிச்சதும் ஓடாம, வீரர்கள் சுத்தி வந்து கும்பிட்டு முடிக்கிற வரைக்கும் உட்காரலாம். நீங்க ஒரே ஸ்டாப்ல ஹிகாஷி கவாகுச்சி இறங்கி முசாஷினோ லைன் மாறிடுங்க.

விஜயா பெரியம்மா 9:17
அரை கிலோ முறுக்கும் கொண்டு வரேன். செந்திலுக்கு உப்பு கம்மியா

குமரன் 9:18
அப்போ 5+2 போட்டுடவா? சித்தி?

ராஜி சித்தி 9:24
காலையில சொல்றேன்

குமரன் 9:24
10 மணிக்கு முன்னாடி

செந்தில் மாமா 9:25
விசிட்டர் 3-ஆ எடு. மாப்பிள்ளையும் வரட்டும்

பாலா சித்தப்பா 9:31
கோபே ஜெர்சி எல்லாம் போட மாட்டேன்

ராஜி சித்தி 9:32
அக்கா, மாமாவுக்கு சர்க்கரை மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா? மேட்ச் மத்தியானம் 2 மணிக்கு

விஜயா பெரியம்மா 9:33
முன்னாடி